புளியமரத்தடியில் ஓர் ஆங்கிலப் பாடம்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். தர்மபுரி அப்போது சேலம் ஜில்லாவோடு சேர்ந்திருந்தது. கடத்தூருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் நான் வாழ்க்கைப்பட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நான் சேலத்தில் ஆசிரியைப் பயிற்சி படித்துக்கொண்டிருந்தேன். என் கணவரும் வாத்தியார், வெளியூரில் வேலை. அவருடைய பிடிவாதத்தால்தான் என் படிப்பு ஓடியது. மாமியாருக்கு அது அறவே பிடிக்கவில்லை. "நம்ம வூட்டுப் பொம்பள ஊரு ஊராப் போயி எழுத்து சொல்லித் தரணுமா?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்பார். ஒரு சாக்குக் கிடைத்தால் போதும், என்னை நிறுத்திவிடுவார் என்று எனக்குத் தெரியும்.

அந்த முறை லீவுக்கு வந்தபோது பாடத்தையும் தூக்கிக்கொண்டேதான் வந்தேன். லீவு முடிந்ததும் பரீட்சை. ஒரு துரைசானி அம்மாள் வந்து எங்கள் வாயைப் பார்ப்பார் என்றார்கள். நிஜமாகவே வாயைத்தான்! ஆங்கில மெய்யொலிகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்ட வேண்டும். காற்று வாயில் எங்கே தடைபடுகிறது, முழுக்க அடைபடுகிறதா, இடுக்கு வழியே கசிகிறதா, தொண்டை அதிர்கிறதா என்பதுதான் பாடம். மேல்பல்லைக் கீழுதட்டில் வைத்து ஊதினால் 'எஃப்' எழுத்தின் ஒலி. அதே இடத்தில் குரலையும் சேர்த்தால் 'வி'. 'ஸ்' என்று சீறிக்கொண்டே தொண்டையை அதிரவிட்டால் 'இசட்'. அதிர்கிறதா என்று பார்க்கக் கழுத்தில் இரண்டு விரலை வைத்துக்கொள்ள வேண்டும். நாக்கு எங்கே இருக்கிறது என்று பார்க்க ஒரு கைக்கண்ணாடி. எனக்கு எல்லாம் வந்தது, 'திங்க்' என்ற சொல்லின் முதல் ஒலி மட்டும் வரவில்லை. அதற்கு நுனிநாக்கைப் பற்களுக்கு நடுவில் நீட்ட வேண்டும். நாக்கை நீட்டினால் சூடு வைப்பேன் என்று வளர்க்கப்பட்ட பெண் நான்.

அன்று வெள்ளிக்கிழமை. எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றியிருந்தேன். வீடு நிறைய ஆட்கள். ஈரக் கூந்தலை உலரவிட்ட மாதிரியும் ஆகும், பாடம் பழகிய மாதிரியும் ஆகும் என்று கண்ணாடியை எடுத்துக்கொண்டு காட்டோரம் இருந்த புளியமரத்தடிக்குப் போய்விட்டேன். உச்சி வெயில் நேரம். எங்கள் பக்கத்தில் அந்த வேளையில், அந்த மரத்தடியில், தலையை விரித்துப்போட்டு எந்தப் பெண்ணும் நிற்க மாட்டாள். படித்த மிதப்பில் எனக்கு அது தோன்றவே இல்லை.

கழுத்தைப் பிடித்துக்கொண்டு, நாக்கை நீட்டி, கண்ணாடியைப் பார்த்துச் சீறிக்கொண்டிருந்தேன். களை வெட்டிவிட்டு அந்த வழியாக வந்த பெரிய மாமியார், என் மாமியாரின் மூத்த ஓரகத்தி, பார்த்தார். அவர் போட்ட கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது.

பொழுது சாய்வதற்குள் பூசாரி உடுக்கையோடு வந்துவிட்டார். என்னை வாசலில் உட்காரவைத்து இரண்டு பேர் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். எதிரில் கரி நெருப்பு. பக்கத்தில் ஒரு முறத்தில் மிளகாய் வற்றல். அதை நெருப்பில் போட்டுப் புகை காட்டப்போகிறார்கள். பக்கத்து ஊரில் ஒருத்தியை அப்படிப் புகையில் கவிழ்த்துப் பிடித்ததில் மாசக் கணக்கில் அவளுக்குக் குரலே வரவில்லை. குரல் போனால் பரீட்சை போயிற்று. பேய் பிடித்தவள் என்று பெயர் வந்துவிட்டால் படிப்பே போயிற்று.

"அது இங்கிலீஷ் பாடமுங்க அத்தை" என்று கதறினேன். நம்பட்டும் என்று அந்த ஒலியைச் செய்தும் காட்டினேன். கூட்டம் ஓரடி பின்னால் போயிற்று.

"அந்தப் பாழடஞ்ச பங்களாவுல செத்துப்போன வெள்ளக்காரத் தொரைங்க இது. அதான் இங்கிலீசு பேசுது" என்றார் பூசாரி. "பேரச் சொல்லு!"

என் பெயரைச் சொன்னேன்.

"அது அவ பேரு. உம் பேரச் சொல்லு!"

அந்த நிமிஷத்தில் உண்டான பயத்தை என்னால் விளக்க முடியாது. என் பெயரே என்னுடையதில்லை என்கிறார்கள், இனி எதைச் சொல்லி என்னை நிரூபிப்பேன்? பூசாரி மிளகாயை அள்ளி நெருப்புக்கு மேல் கொண்டுபோனார். மூச்சை அடக்கிக்கொண்டேன்.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு வளையல்காரி வந்தாள். கன்னடத்துப் பெண், தோளில் வளையல் கோத்த மலாரம் தொங்கியது. ஊர் ஊராகப் போய்ச் சீமந்தத்துக்கு வளையல் அடுக்குகிறவள். நான் அவளை அதற்குமுன் பார்த்ததில்லை. நேராக வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி பார்க்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்னா பூசாரி, கண்ணு தெரியலியா? புள்ள முழுகாம இருக்குது. எத்தினி வயித்துக்கு வளை போட்ட கை இது, எனக்குத் தெரியாதா? வாயும் வயிறுமா இருக்கறவளுக்குப் பொக காட்டுவாங்களா?"

பூசாரியின் கை அப்படியே நின்றது. கர்ப்பிணிக்கு உடுக்கையும் புகையும் ஆகாது, அது அவருக்கே விதி. மாமியார் ஓடிவந்து, "நாள் தள்ளியிருக்குதா கண்ணு?" என்று கேட்டார். அதுவரை நான் சொன்ன உண்மையில் ஒன்றையும் யாரும் நம்பவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன், ஊரே நம்பியது.

வளையல்காரி என் கையை அமுக்கி ஒரு ஜோடிப் பச்சை வளையல் ஏற்றினாள். ஏற்றும்போது காதருகே, "ஹெதர்பேடம்மா" என்றாள். பயப்படாதே என்று அர்த்தம். பிறகு மலாரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

புளியமரம் இருக்கிற ஊரில் பிள்ளைத்தாய்ச்சி இருக்க வேண்டாம் என்று மாமியாரே என்னைச் சேலத்துக்கு அனுப்பிவைத்தார். துரைசானி அம்மாள் எதிரில் நாக்கை நீட்டினேன், தேறினேன். அடுத்த முறை வந்தபோது, "தங்கலைங்க அத்தை" என்றேன். மாமியார் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். இல்லாத பிள்ளைக்கு அவர் உண்மையாக அழுததைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பயம் வந்தது. எங்கே உண்மையைச் சொல்லிவிடுவேனோ என்று. அவர் கண்மூடும் வரை சொல்லவில்லை.

அந்த வளையல்காரியை மறுபடி நான் பார்க்கவே இல்லை. எத்தனையோ வருஷம் வகுப்பில் நின்று பிள்ளைகளுக்கு அந்த ஒலியைச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். இன்றைக்கும் என்னை உறுத்துவது ஒன்றுதான்: பொய் வெளிப்பட்டிருந்தால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரு வீட்டிலும் அவளிடம் வளையல் போட்டுக்கொள்ளக் கை நீட்டியிருக்க மாட்டார்கள், அது தெரிந்தும், என் பேர்கூடத் தெரியாமல், எனக்காக அவள் அந்தப் பொய்யைச் சொன்னாள்.