அபஹா பெட்டிகளும் ஒரு கோணி ஊசியும்

ஜித்தாவில் ஒரு சிப்ஸ் தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். உருளைக்கிழங்கை எப்படி வறுப்பது என்று என்னைக் கேட்டால் விழிப்பேன். வறுத்ததைப் பொட்டலத்தில் போட எத்தனை கையெழுத்து வேண்டும் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். அதில் கடைசிக் கையெழுத்து என்னுடையது.

பொட்டலத்தில் பாதி காற்றுதான் என்று ஊரில் உறவினர்கள் என்னைத்தான் திட்டுவார்கள். அது காற்று அல்ல, நைட்ரஜன். சிப்ஸ் நொறுங்காமலும் எண்ணெய் காறிப்போகாமலும் காக்கும். எவ்வளவு அடைப்பது என்பதற்கு ஒரு நடைமுறைத் தாள் உண்டு. கடற்கரை நகரத்தில் உட்கார்ந்து எழுதிய தாள்.

தொண்டிக்காரர் ஒருவர் அபஹாவுக்குச் சரக்கு வண்டி ஓட்டினார். அபஹா மலைமேல் இருக்கிறது. வண்டி ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், பொட்டலங்கள் உப்பும், சில வெடிக்கும். வெடித்த பெட்டி ஒவ்வொன்றுக்கும் ஓட்டுநர் ஆங்கிலத்தில் விளக்கக் கடிதம் தர வேண்டும். அவருக்கு ஆங்கிலம் வராது. கடிதங்களை எழுதித் தந்தவன் நான். 'வருந்துகிறேன், இனி நடக்காது' என்று மலையின் சார்பில் பலமுறை மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

திடீரென்று வெடிப்பு நின்றது. மூன்று மாதம் ஒன்றுகூட இல்லை. நிர்வாகம் காரணம் கேட்கவில்லை. சிறந்த ஓட்டுநர் என்று சான்றிதழ் கொடுத்துக் கைதட்டியது. நானும் கைதட்டினேன். நான்காம் மாதம் அபஹா கடைகளிலிருந்து புகார்கள் வந்தன. சிப்ஸ் நமத்துப்போய், சிக்கு வாடை அடிக்கிறதாம். விசாரணை என் மேசைக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை ஜித்தாவின் ஷரஃபியா பகுதியில் ஒரு டீக்கடையில் அவரைப் பிடித்தேன்.

"என்னதான் பண்றீங்க?"

"ரொம்ப ஈஸி சார். ஏத்தம் தொடங்குற எடத்துல வண்டிய ஓரங்கட்டி, அட்டைப்பெட்டிக்கு நாலு பக்கமும், உள்ள பொட்டலம் வரைக்கும் எறங்குற மாதிரி, கோணி ஊசியால ஒரு குத்து. நமக்கு வயிறு உப்புனா ஏப்பம் விடுறோம்ல? அதுக்கும் விட வச்சேன்."

"யாரு சொல்லிக் கொடுத்தா?"

"நம்ம மூளைதான் சார். அதுக்குத்தானே சர்டிபிகேட்டு குடுத்தீங்க! ஆனா பொட்டலத்துக்குள்ள இருக்குற கேஸு விஷம்னு வாட்ஸ்அப்புல வந்துச்சு. மூக்குல துண்டு கட்டிக்கிட்டுத்தான் குத்துவேன்."

"விஷம் இல்லைய்யா. நீங்க இப்ப இழுக்குற மூச்சுல அஞ்சுல நாலு பங்கு அதுதான்."

"வெளியில சும்மா கெடக்குறதை எதுக்கு சார் மெசின் வச்சு அடைக்கிறீங்க?"

"மிச்ச ஒரு பங்கையும் ஈரத்தையும் உள்ள விடாம இருக்க. நீங்க குத்தின ஓட்டை வழியா அதுதான் நுழைஞ்சிருக்கு."

அவர் டீயைக் கீழே வைத்தார். முகம் மாறிவிட்டது. இருபது நாளில் தொண்டியில் அவருக்கு நிக்காஹ். லீவு கிடைக்காமல் ஏற்கெனவே இரண்டு முறை தேதி தள்ளிப்போயிருந்தது.

"இன்னொரு தடவ தள்ளுனா பொண்ணு வீட்ல வேற மாப்பிள்ள பாத்துருவாக சார். வல்லாஹி, நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சேன்."

விசாரணைக் கோப்பை மூடும்வரை லீவுத் தாளில் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். கோப்பை உடனே மூட ஒரு வழி இருந்தது. 'மூல காரணம்' என்ற கட்டத்தில் 'ஓட்டுநரின் தவறு' என்று எழுதினால் மாலைக்குள் மூடிவிடலாம். ஆனால் லீவுக்குப் பதில் ஃபைனல் எக்ஸிட்டில் ஊருக்குப் போவார். வேலை போன மாப்பிள்ளையாக.

ஊசி குத்தியதை மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது. உள்ளதை எழுதினேன். ஆனால் ஊசிக்கும் ஒரு காரணம் உண்டல்லவா? பழைய நடைமுறைத் தாளை எடுத்தேன். ஜித்தாவுக்கும் அபஹாவுக்கும் ஒரே அளவு நைட்ரஜன். மலை என்ற சொல்லே எங்கும் இல்லை. மூல காரணம்: உயரம் கணக்கில் எடுக்கப்படவில்லை. ஒப்புதல் அளித்தவர் என்ற இடத்தில் என் பெயர், அழகான கையெழுத்தோடு. மற்றவர்களின் கோப்புகளில் அந்த இடத்தை எத்தனையோ தடவை சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறேன். இந்தத் தடவை என் பெயரைச் சுற்றி வட்டமிட்டேன்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவருக்கும் ஒன்று. குத்திய சரக்கு எல்லாம் திரும்பி வந்து அழிக்கப்பட்டது. அபஹா பெட்டிகளுக்கு நைட்ரஜனைக் குறைத்துப் புதுத் தாள் தயாரானது. கோப்பை மூடப்போகும் நேரத்தில் பாதுகாப்பு அதிகாரி அதில் 'வாயு வெளியேற்றம்' என்ற சொல்லைக் கண்டுவிட்டார். வாயு என்றாலே அவருக்கு அபாயச் சங்கு ஊத வேண்டும். ஓட்டுநர் வாயுப் பாதுகாப்புப் பயிற்சி எடுத்துத் தேர்வில் தேறினால்தான் லீவு என்றார். விமானம் மறுநாள்.

பயிற்சியிலும் தேர்விலும் மொழிபெயர்ப்பாளனாக நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். தேர்வின் கடைசிக் கேள்வி: நைட்ரஜன் வாடை வந்தால் என்ன செய்வீர்கள்?

"அதுக்கு வாடையே கெடையாதுன்னு காலையிலதானே சார் படிச்சுப் படிச்சுச் சொன்னீங்க?"

"கெடையாதுதான்."

"அப்ப இந்தக் கேள்வி?"

"நிக்காஹ் நடக்கணுமா, வேண்டாமா?"

"நடக்கணும் சார்."

"மேலதிகாரிக்கு உடனே தெரிவிப்பேன்னு இருக்கு பாருங்க, அதை டிக் பண்ணுங்க."

டிக் செய்தார். முழு மதிப்பெண். பாதுகாப்பு அதிகாரி அவர் கையைக் குலுக்கி லீவுத் தாளில் கையெழுத்துப் போட்டார்.