அண்ணா ஏன் அப்பளம் சாப்பிடவில்லை

எங்கள் அண்ணா எங்களை விட்டுப் போய் இந்தத் தை மாதத்தோடு ஓர் ஆண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்குகிறவர்கள் முதலில் அட்டைப் படத்தைத்தான் பார்ப்பீர்கள். கறுப்பு அங்கியும் கழுத்தில் வெள்ளைப் பட்டையுமாக அண்ணா நிற்கிறார். படத்தின் கீழே 'நீதியரசர்' என்ற சொல்லைக் காணோமே, அச்சுக்காரர் விட்டுவிட்டாரோ என்று சிலர் நினைக்கலாம். அச்சுக்காரர் விடவில்லை. அந்தச் சொல்லை நான்தான் அடித்து நீக்கினேன். அடிப்பதற்குள் எனக்கு இரண்டு வாரம் தூக்கம் போயிற்று.

அண்ணா பிறந்தது மாயவரத்தில். அப்பா சீக்கிரமே காலமானதால் பதினெட்டு வயதில் சென்னைத் துறைமுகச் சுங்க அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பகலில் கப்பல் சரக்கு, மாலையில் சட்டக் கல்லூரி. என்னைப் படிக்கவைத்து மண்ணியல் ஆராய்ச்சிக்கு மாண்ட்ரியால் அனுப்பியவர் அவர். அறுபதுகளின் கடைசியில் நான் அழைத்து, அவரும் அண்ணியும் இங்கே வந்தார்கள். சென்னைச் சட்டப் பட்டத்தை வைத்து இங்கே வழக்காட முடியாது என்று தெரிந்ததும் நான்தான் இடிந்துபோனேன். அண்ணா, "அதனால என்னடா? கோர்ட்டுக்குள்ள போக எத்தனையோ கதவு இருக்கு" என்றார். சுங்க, வணிக வழக்குகளை விசாரிக்கும் மத்திய நீதிபதி ஒருவரிடம் கோர்ட் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். கடைசிவரை அதே நீதிபதி, அதே நாற்காலி.

அந்த வேலையைப் பற்றி நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு பொருளுக்கும் வரி அட்டவணையில் ஒரு பெயர் உண்டு. பெயர் மாறினால் வரி மாறும். குழந்தைகள் ஊதும் ஊதல் பொம்மையா, இசைக் கருவியா? கம்பளி வைத்துத் தைத்த ரப்பர் பூட்ஸ் எந்தப் பட்டியலில் வரும்? இதற்கு இரண்டு பக்கமும் பெரிய வக்கீல்கள் மூன்று நாள் வாதாடுவார்கள். வழக்கைக் கூப்பிடுவது, சாட்சிக்குப் பிரமாணம் செய்து வைப்பது, சான்றுப்பொருளுக்குச் சீட்டுக் கட்டி அலமாரியில் பூட்டுவது எல்லாம் அண்ணாவின் பொறுப்பு. நீதிபதி உள்ளே வரும்போது "எல்லோரும் எழுந்திருங்கள்" என்று ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் உரத்துச் சொல்வதும் அவர்தான். பிரெஞ்சு உச்சரிப்பை என் மகள் கமலா சொல்லிக்கொடுத்தாள். மாண்ட்ரியாலின் லாசால் பகுதியில் இருந்த தம் வீட்டுக் கூடத்தில் நின்று அண்ணா பயிற்சி செய்வார். ஒருநாள் அவர் போட்ட சத்தத்தில் அண்ணி அடுப்படியிலிருந்து கரண்டியோடு எழுந்து வந்துவிட்டார். "உட்காரலாம்னு எப்போ சொல்வீங்க? சாம்பார் பொங்குது" என்று கேட்டார்.

கோர்ட்டில் குமாஸ்தாவுக்கும் அங்கி உண்டு. அதைப் போட்டு எடுத்த படத்தை அண்ணா அம்மாவுக்கு அனுப்பியதுதான் வினை. அம்மா அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டி, மகன் கனடாவில் ஜட்ஜ் என்று மாயவரம் முழுக்கச் சொல்லிவிட்டார். அண்ணா உடனே மறுத்து எழுதினார். 'பெரிய பதவியில் இருந்தாலும் எவ்வளவு அடக்கம் பார்' என்று அம்மா அந்தக் கடிதத்தையும் எல்லோருக்கும் படித்துக் காட்டினார். இரண்டாவது கடிதத்தில் விவரமாக எழுதினார். அடக்கம் இரண்டு மடங்காயிற்று. மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு பக்கத்து ஊரிலிருந்தும் சிபாரிசு கேட்டு வர ஆரம்பித்தார்கள். அம்மா அந்த நம்பிக்கையோடே போய்ச் சேர்ந்தார்.

இந்தப் பேச்சு சென்னை வரை பரவியிருந்தபோதுதான் கமலாவுக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை ஆட்டவாவில் இன்ஜினியர். மகனைப் பார்க்கச் சென்னையிலிருந்து வந்திருந்த அவருடைய பெற்றோர் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக எழுதினார்கள். குடும்பத்துக்கு மூத்தவர் என்பதால் அண்ணா வீட்டில்தான் ஏற்பாடு. கடிதத்தில், 'ஜட்ஜ் அவர்களைச் சந்திக்கும் பாக்கியம்' என்று ஒரு வரி இருந்தது. பெண்ணைப் பெற்றவர்களுக்கு என் நிலை புரியும். சொன்னால் சம்பந்தம் கலையுமோ, சொல்லாவிட்டால் பின்னால் கலையுமோ என்று யோசித்து யோசித்து ஒன்றும் செய்யாமலிருந்தேன்.

அந்த வசந்தத்தில்தான் அண்ணாவின் கோர்ட்டுக்கு அப்பள வழக்கு வந்திருந்தது. இங்கே பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் மளிகைக் கடை வைத்திருக்கும் நம்மவர் ஒருவர் சென்னையிலிருந்து அப்பளம் வரவழைத்தார். சுங்க அதிகாரிகள் அதை பிஸ்கட் என்றார்கள். பொரிக்காத மாவுப் பொருள் எப்படி பிஸ்கட் ஆகும் என்று கடைக்காரர் வழக்குப் போட்டார். இருபது அப்பளம் கொண்ட ஒரு பாக்கெட்டுக்கு அண்ணா தம் கையாலேயே சான்று நான்கு என்று சீட்டுக் கட்டினார். இடைவேளையில் நீதிபதி, "இதை நீங்கள் சாப்பிட்டிருப்பீர்களே?" என்று கேட்டாராம். "சாப்பிட்டிருக்கிறேன் ஐயா. அதனால்தான் ஒன்றும் சொல்லக்கூடாது" என்றாராம் அண்ணா. வாதங்கள் முடிந்து தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டது. அன்றிலிருந்து அண்ணா வீட்டில் அப்பளம் பொரிக்கத் தடை.

"தீர்ப்பு சொல்றது நீங்களா?" என்று அண்ணி கேட்டார்.

"பாக்கெட்டைக் காவல் காக்கிறது நான். நாளைக்கு அதுல ஒண்ணு குறைஞ்சா முதல்ல யார் வாயை மோந்து பார்ப்பாங்க?"

பெண் பார்க்க வந்த அன்று அண்ணி தடையை மீறினார். சம்பந்தி வீட்டாருக்கு அப்பளமில்லாமல் எப்படிச் சாப்பாடு போடுவது? பரிமாறிக்கொண்டு வந்தவர் பழக்கத்தில் அண்ணாவின் தட்டிலும் ஒன்று வைத்துவிட்டார். அண்ணா சூடுபட்டதுபோல் தட்டை நகர்த்தினார்.

"என்ன சார், அப்பளம் பிடிக்காதா?" என்றார் சம்பந்தி.

"ரொம்பப் பிடிக்கும். வழக்கு நிலுவையில இருக்கு."

விஷயத்தைக் கேட்டதும் சம்பந்தி சாப்பிடுவதையே நிறுத்திவிட்டார். "பாத்தியா?" என்று மனைவியிடம் சொன்னார். "இதான் ஜட்ஜ்!"

"நான் ஜட்ஜ் இல்லீங்க. ஜட்ஜ் வரும்போது எல்லாரையும் எழுப்பி விடுறவன்."

"அடாடா, என்ன அடக்கம்!"

அண்ணா என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ரசத்தைக் கரைத்துக்கொண்டு, மேஜைக்கு அடியில் அவர் காலை மெல்ல மிதித்தேன். அண்ணா அண்ணியிடம் மோர் கேட்டார். அவர்கள் கிளம்பிப் போனதும், "டேய் ராமு, என் கால் என்னடா தப்பு பண்ணிச்சு?" என்றார். எல்லோரும் சிரித்தோம். சம்பந்தம் நிச்சயமாயிற்று. எனக்குச் சிரிப்பு அன்றோடு சரி.

அடுத்த தை மாதம், பனி கொட்டிய ஒரு காலையில், லாசாலில் பஸ்ஸுக்கு நின்ற இடத்திலேயே அண்ணா சரிந்தார். மூலையில் தெப்பனர் என்று இங்கே சொல்லும் பெட்டிக்கடை வைத்திருந்தவர் தம் கோட்டைக் கழற்றிப் போர்த்திவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை அண்ணாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் அண்ணாவின் சட்டைப் பையிலிருந்தவற்றை அண்ணியிடம் கொடுத்தார்கள். அவற்றில் சான்று அலமாரியின் சாவி இருந்தது. அண்ணி அழுகையை நிறுத்தி, "முதல்ல இதைக் கொண்டுபோய் குடுத்துட்டு வாங்க தம்பி. அங்க எல்லாரும் காத்துட்டு நிப்பாங்க" என்றார். நான் போனேன். உண்மையிலேயே நின்றுகொண்டுதான் இருந்தார்கள்.

இறுதிச் சடங்குக்கு அந்த நீதிபதி வந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. முழு நேரமும் நின்றார். கால் வலிக்குமே என்று நான் போய்ச் சொன்னபோது, "மன்னியுங்கள், இவர் சொல்லித்தான் எனக்கு உட்கார்ந்து பழக்கம்" என்றார்.

கமலாவின் திருமணத்தை ஓர் ஆண்டு தள்ளிவைத்தோம். இந்த மலரைச் சென்னையில் அச்சிட்டுத் தரச் சம்பந்தியே முன்வந்தார். கார்த்திகையில் மெய்ப்பு வந்தது. அட்டையில், பெரிய எழுத்தில், 'நீதியரசர்'. அதைப் பார்த்துக்கொண்டே இரண்டு வாரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு ஊதலின் பெயர் சரியாக இருக்கவேண்டும் என்று மூன்று நாள் எழுந்து நின்றவருக்கு, அவர் படத்தின் கீழேயே தவறான பெயரா? கமலாவிடம் கேட்டேன். "பெரியப்பா மூணு தடவை லெட்டர் போட்டார். நீங்க ஒரு தடவை போட மாட்டீங்களாப்பா?" என்றாள். அந்தச் சொல்லை அடித்து, எல்லாவற்றையும் விவரமாக எழுதி, காலை மிதித்ததையும் சேர்த்து, சம்பந்திக்குத் தபாலில் போட்டேன்.

சம்பந்தியின் பதிலை அவர் அனுமதியோடு இங்கே தருகிறேன். 'உங்கள் அண்ணா ஜட்ஜ் இல்லை என்பது எனக்கு முன்பே தெரியும். பெண் பார்த்துவிட்டு நாங்கள் சென்னை திரும்பிய வாரமே அவரிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. கூடவே நியமன உத்தரவின் நகல். அதன் மூலையில் சான்று ஒன்று என்று சீட்டு ஒட்டியிருந்தார். தம்பிக்குப் பெண்ணைப் பற்றிய பயம், அவனிடம் ஏதும் கேட்க வேண்டாம் என்று எழுதியிருந்தார். அதனால் கேட்கவில்லை. நீங்களும் வாயைத் திறக்காததால், அந்தச் சொல் உங்களுக்குத்தான் வேண்டும்போல என்று நினைத்து அச்சில் போடச் சொன்னேன். அப்பளத்தைத் தள்ளி வைத்த மனிதர் வீட்டில் பெண் எடுப்பதற்கு வேறு பதவி எதற்கு?'

வாசித்துவிட்டு நான் அழுததைக் கமலா பார்த்துப் பயந்துபோனாள். திருமணம் வரும் ஆவணியில். அனைவரும் வரவேண்டும்.

தெப்பனர் கடைக்காரருக்கு நன்றி. அவர் கோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பெயரைக் கேட்க மறந்தேன், என் தவறு. நின்றே இருந்த நீதிபதிக்கும், சம்பந்தி குடும்பத்தாருக்கும், பனியில் நகரின் மேற்குக் கோடியிலுள்ள சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவிலிருந்து தினமும் சாப்பாடு கொண்டுவந்த என் கல்லூரி நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அப்பள வழக்கில் போன சித்திரையில் தீர்ப்பு வந்தது. அப்பளம் பிஸ்கட் அல்ல. சான்றுகளைத் திருப்பிக் கொடுக்கும் காலம் வந்ததும், பார்க் எக்ஸ்டென்ஷன் கடைக்காரர் அந்தப் பாக்கெட்டை வாங்கி நேராக அண்ணியிடம் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணாவின் கையெழுத்தோடு சீட்டு அப்படியே இருந்தது. அண்ணி அதை மேஜைமேல் பிரித்து, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

"இருபதும் இருக்கு தம்பி" என்றார்.