குணமாலா போட்ட மார்க்கு

முசரவாக்கம் ஜைனக் குடும்பங்களில் யார் புது பாக்கெட் வாங்கினாலும் அது முதலில் குணமாலாவிடம்தான் வரும். பச்சைப் புள்ளி இருந்தால் மட்டும் போதுமா? வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் இருக்கக் கூடாதே! பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்து, பூண்டுப் பொடி எங்கே ஒளிந்திருந்தாலும் பிடித்துவிடுவாள்.

அவள் கணவர் மகாவீரனுக்குச் சர்க்கரை வியாதி. "அடுத்த மாசமும் இப்படியே இருந்தா இன்சுலின் ஊசிதான்" என்று காஞ்சிபுரத்து டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஊசி என்றாலே வியர்த்துப்போகிற மனிதர் அவர். காபியில் சர்க்கரையை நிறுத்தியாயிற்று, சோற்றையும் பாதியாக்கியாயிற்று. அளவு இறங்கினால்தானே!

ஜைன வழக்கப்படி, பொழுது சாய்ந்தால் அந்த வீட்டில் யாரும் வாயில் எதுவும் போடமாட்டார்கள். ராத்திரி பசிக்குமே என்று, இருட்டுவதற்குள் மகாவீரன் ஒரு 'டயட்' பிஸ்கட் பாக்கெட்டைக் காலி செய்துவிடுவார். குணமாலா எப்போதோ பாஸ் பண்ணிய பிஸ்கட் அது.

ஒருநாள் அது புது உறையில் வந்தது. மறுபடி படித்தாள். பூண்டு இல்லை. அடியில் கட்டம் போட்டு ஏதோ இருந்தது; இத்தனை வருஷமும் அவள் சீண்டாத கட்டம். நூறு கிராமில் சர்க்கரை இருபத்தாறு கிராம்!

"என்னாங்க, கையில இருக்கறத கீழ வைங்க!"

"ஏன், பூண்டு இருக்குதா?"

"கால்வாசி சக்கர இருக்குது! இதப் போய் நான் சரின்னு சொல்லிக்கினு இருந்தேனே!"

"அதுக்குப் பூண்டே இருந்திருக்கலாம்மா."

"ஐயோ, மொதல்ல வாயக் கழுவுங்க!"

அன்றிலிருந்து சாயங்காலம் அவருக்கு வெள்ளரிக்காயும் பயறுச் சுண்டலும். பாக்கெட் கொண்டுவருகிறவர்களுக்கு, சர்க்கரை, உப்பு, எண்ணெய் எல்லாம் பார்த்து முன்பக்கத்திலேயே ஸ்கெட்ச் பேனாவால் மார்க்கு. ஏனாத்தூரில் படிக்கும் தங்கை மகள் மதுமிதாவின் வாழைக்காய் சிப்ஸுக்கு ஐந்துக்கு ஒன்று.

"எங்க லெக்சரரே இவ்ளோ கஞ்சம் இல்ல பெரிம்மா!"

"கம்பெனிக்காரனே முன்னாடி பெருசா போட்டா எனக்கு ஏம்மா இந்த வேல? கடையிலயே பாத்து எடுப்பாங்கல்ல?"

அடுத்த மாதம் டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டினார். "நல்லா எறங்கியிருக்குது. ஊசி இப்ப வேணாம்."

மகாவீரன் அவசரமாகச் சட்டைக் கையை இறக்கி விட்டுக்கொண்டு, டாக்டர் மனசு மாறுவதற்குள் குணமாலாவை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.