சண்முகவேல் அண்ணாச்சி பண்ணாத போன்

சிவகாசியில் சாத்தூர் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் சண்முகவேலின் அச்சகம் இருந்தது. பெரிய முதலாளிகள் வரிசையில் அவரைச் சேர்க்க முடியாது. ஒரு ஆப்செட் மிஷின், ஒரு கட்டிங் மிஷின், தாள் அடுக்கித் தைக்க ஐந்தாறு பெண்கள். தினசரி காலண்டர்தான் தொழில். எட்டாவதோடு படிப்பை விட்டு, அடுத்தவர் அச்சகத்தில் மை துடைத்து, மிஷின் ஓட்டி, பிறகு சொந்தமாக மிஷின் போட்டவர். யாருக்கும் கெடுதல் செய்தார் என்று ஊரில் பேச்சு கிடையாது. தெருவில் எதிர்ப்பட்டால் சின்னவர் பெரியவர் என்றில்லாமல் எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவருடைய மிஷின்மேன் நாகையா. ஊர் நாரணாபுரம். மனைவி சண்முகத்தாய் அங்கேயே ஒரு பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னும் வேலைக்குப் போனாள். அவர்களுக்கு ஒரே மகள், இசைவாணி. சண்முகவேலுக்கும் ஒரே மகன், ஹரிபிரசாத். இரண்டு பிள்ளைகளும் 2007இல் பத்தாவது எழுதினார்கள்.

மதுரையைத் தாண்டி ஒரு பல்கலைக்கழகம், தன் வளாகத்துக்குள்ளேயே ஒரு பள்ளிக்கூடம் நடத்தியது. மாவட்டத்துக்கு ஒரு பிள்ளையைப் பரீட்சை வைத்துப் பொறுக்கியெடுப்பார்கள். பதினொன்றாவதும் பன்னிரண்டாவதும் அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். பாடம் நடத்துவது பேராசிரியர்கள். பெரிய படிப்புப் படிப்பவர்களின் ஆய்வுக்கூடத்தில் இந்தப் பிள்ளைகளுக்கும் மேசை உண்டு. சாப்பாட்டுக்கும் விடுதிக்கும் காசு கிடையாது. இதையெல்லாம் விசாரித்துத் தெரிந்துகொண்டு வந்தவர் சண்முகவேல்தான். நாகையாவிடம் சொன்னவரும் அவர்தான்.

"ஒம் பிள்ளையையும் எழுதச் சொல்லு. காரு போகத்தான செய்யுது, ஒரு ஆள் கூட ஏறுனா என்ன தேய்ஞ்சிரும்."

அப்படித்தான் இசைவாணி முன்சீட்டில் உட்கார்ந்து பரீட்சைக்குப் போனாள். பின்சீட்டில் ஹரி கடைசி வரை புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு வந்தான். அவள் ஜன்னல் வழியாக ஊர்ப் பெயர்களைப் படித்துக்கொண்டு வந்தாள். வழியில் சண்முகவேல் இரண்டு பேருக்கும் கரும்புச்சாறு வாங்கிக்கொடுத்தார். நல்ல மனசோடுதான் வாங்கிக்கொடுத்தார்.

மாவட்டத்தின் இடம் இசைவாணிக்குக் கிடைத்தது. ஹரி இரண்டாவது. அவள் வந்து சேராவிட்டால் அந்த இடம் அவனுக்கு என்று போனில் சொன்னார்கள்.

முதல் நாள் சண்முகவேல் தானே போய் மிக்சரும் அல்வாவும் வாங்கி வந்து அச்சகத்தில் எல்லோருக்கும் கொடுத்தார். இரண்டாம் நாள் காலண்டர் ஏஜெண்டு லட்சுமிகாந்தம் வந்தார். உட்காருவதற்கு முன்பே, "அண்ணாச்சி, ஒங்க பிரஸ்ல ஒரு பிள்ளைக்கு யூனிவர்சிட்டி ஸ்கூல்ல எடம் கெடைச்சிருக்காமே. நம்ம ஹரிதான? எனக்குத் தெரியும், அந்த நெத்தியப் பார்த்தாலே தெரியும்" என்றார்.

"ஹரி இல்ல. மிஷின்மேன் மக."

"அப்படியா." லட்சுமிகாந்தம் ஒரு நிமிடம் மின்விசிறியைப் பார்த்தார். "அதுவும் பெருமைதான அண்ணாச்சி. ஒங்க சம்பளத்துல வளர்ந்த பிள்ளைதான."

அந்த ஆறுதல்தான் சண்முகவேலுக்குள் போய்த் தங்கிவிட்டது. தன் மகனுக்கு ஆங்கிலப் பள்ளிக்கூடம், கணக்குக்கு விருதுநகரில் ஒரு வாத்தியார், அறிவியலுக்கு வீட்டுக்கே வருகிற ஒரு வாத்தியார். அந்தப் பிள்ளை அரசுப் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஆத்தாளோடு உட்கார்ந்து பட்டாசுப் பெட்டி ஒட்டியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற வேலையை அவரால் நிறுத்த முடியவில்லை. வண்டியில் போகும்போது பார்த்தார். சாப்பிடும்போது பார்த்தார். காரில் அந்த முன்சீட்டைக் கொடுத்தது தப்பு என்று ஒருநாள் தோன்றியது. பின்சீட்டில் இருந்திருந்தால் தலை சுற்றியிருக்கும்.

நாகையாவிடம் திமிர் வந்திருக்கிறதா என்று கவனித்தார். வரவில்லை. முன்போலவே எட்டரைக்கு வந்தான், மிஷினைத் தொட்டுக் கும்பிட்டான், மை டப்பாவைத் திறந்தான். கொஞ்சம் தலை தூக்கியிருந்தால் சண்முகவேலுக்குச் சுலபமாக இருந்திருக்கும். இல்லாததால் வேலையில் குற்றம் தேடினார்.

"மஞ்ச தூக்கலா அடிச்சிருக்க. மீனாட்சி மொகத்தப் பாரு, காமாலை கண்ட மாதிரி."

"போன வருசமும் இதே மஞ்சதானண்ணாச்சி."

"போன வருசம் கண்ணு இருந்துச்சு ஒனக்கு."

நாகையா மஞ்சளைக் குறைத்தான். அம்மன் முகம் சாம்பல் பூத்தது. மறுநாள் சண்முகவேலே பழையபடி அடிக்கச் சொன்னார். தைக்கிற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த வருஷத்துக் காலண்டர் படங்களைத் தொகுத்து ஆல்பமாக்கி, ஆடிப் பதினெட்டு அன்று பூசையில் வைத்து வெளியிடுவது சிவகாசி வழக்கம். ஏஜெண்டுகள் அன்றைக்கே அதை எடுத்துக்கொண்டு வெளியூருக்குக் கிளம்புவார்கள். ஒருநாள் பிந்தினால் ஆர்டர் அடுத்த சந்துக்குப் போய்விடும். அந்த வருஷம் ஆடிப் பதினெட்டு வெள்ளிக்கிழமை வந்தது. இசைவாணி பள்ளிக்கூடத்தில் சேர வேண்டிய நாள் அதற்கு முந்திய புதன்கிழமை.

திங்கட்கிழமை மத்தியானம் நாகையா கையைத் துடைத்துக்கொண்டு மேசை முன்னால் வந்து நின்றான்.

"அண்ணாச்சி, ஒரு உபகாரம்."

"சொல்லு."

"புதன்கெழம வடக்கே சூலம். பள்ளிக்கூடமும் வடக்கதான இருக்கு. ஆடி வேற. ஆல்பமும் முடியாம கெடக்கு, அத அப்படியே போட்டுட்டு நான் எப்படிப் போவேன். வெள்ளிக்கெழம பூசைய முடிச்சிட்டு அப்படியே பிள்ளையக் கூட்டிட்டுப் போயிருதேன். நல்ல நாளாவும் இருக்கும். முன்கூட்டியே போன்ல சொல்லிட்டா ரெண்டு நாள் பொறுப்போம்னு கடுதாசியில போட்டிருக்காகளாம். நான் பேசினா அவுகளுக்குப் புரியாது. நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டீகன்னா..."

வேறு ஊரில் ஒரு தகப்பன் இந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டான். இருபது வருஷமாகச் சூலமும் கரிநாளும் ராகுகாலமும் தேதித்தாளில் அச்சடித்துக்கொண்டிருந்த மனிதனுக்கு, தான் அடித்த தாளைத் தானே மீறுவது முடியாத காரியம். அதைவிட, ஆல்பத்தை விட்டுவிட்டுப் போவது முடியாத காரியம்.

"போய் வேலையப் பாரு. நான் சொல்லிருதேன்" என்றார் சண்முகவேல்.

சொல்லும்போது சொல்வதாகத்தான் இருந்தார். நாகையா உள்ளே போனதும் எண்களை அழுத்தினார். அந்தப் பக்கம் மணி அடித்தது. யாரோ எடுத்து "ஹலோ" என்றார்கள். அப்போதுதான் அவருக்கு முழுவதும் புரிந்தது. அந்தப் பிள்ளை புதன்கிழமை போய் நிற்காவிட்டால், யாரும் எதுவும் சொல்லாவிட்டால், வியாழக்கிழமை இந்தப் போன் தானாக அடிக்கும். அவர் யாரையும் தள்ளிவிட வேண்டாம். பொய் சொல்ல வேண்டாம். ஒன்றும் செய்யாமல் இருந்தால் போதும்.

ரிசீவரை வைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை முழுவதும் போன் மேசையில் இருந்தது. பேப்பர் கடைக்கு அதில்தான் பேசினார், அச்சுக்குப் பிளேட் போடுகிறவரிடம் அதில்தான் சண்டை போட்டார். மறந்துபோனது என்று பின்னால் சொல்லிக்கொள்ள வழியில்லாதபடி, ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் ஞாபகம் வந்தது. சாயங்காலம் நாகையா, "சொல்லிட்டீகளாண்ணாச்சி" என்று கேட்டபோது, ஒரு படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே "ம்" என்றார்.

வீட்டில் மனைவி சொர்ணலட்சுமியிடம், "ஹரி துணிமணியெல்லாம் எடுத்து வை. ஒருவேள நாளக் கழிச்சுக் கூப்பிடுவாக" என்றார்.

"யாராவது வராம இருந்தாத்தான கூப்பிடுவாக?"

"ஆமா."

"நாகையா பிள்ள எடமா?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சொர்ணலட்சுமி பீரோவைத் திறந்து ஹரியின் சட்டைகளை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். புது வாளி ஒன்றும் வாங்கிவரச் சொன்னாள்.

ஹரிதான் கேட்டான். "அந்தப் பிள்ளை போகலையாப்பா? எங்கிட்ட ஹாஸ்டல்ல நெட் உண்டான்னுல்லாம் கேட்டுச்சே."

"ஒஞ் சோலியப் பாருலே" என்றார் சண்முகவேல்.

புதன்கிழமை போன் அடித்தபோதெல்லாம் அவரே எடுத்தார். ஒன்று தூத்துக்குடிப் பார்ட்டி, ஒன்று ராங் நம்பர். உள்ளே நாகையா படங்களுக்குச் சிவப்பு மை ஓட்டிக்கொண்டிருந்தான். மிஷின் சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது.

வியாழக்கிழமை பத்தரை வரை பொறுத்தார். அதற்கு மேல் முடியவில்லை. அவரே கூப்பிட்டார். திங்கட்கிழமை கேட்ட அதே குரல்தான் எடுத்தது.

"விருதுநகர் மாவட்டம்ங்க. ஹரிபிரசாத் அப்பா பேசுறேன். ரெண்டாவதா இருக்கான். யாராவது வராம இருக்காகளா?"

"எல்லாரும் சேர்ந்தாச்சு சார்."

"எங்க மாவட்டத்துலயும்?"

"உங்க மாவட்டமா, இருங்க. இசைவாணி. நேத்துக் காலையில கேட்டைத் திறக்கும்போதே வந்து நின்னுட்டாங்க சார். அம்மா கூட வந்திருந்தாங்க."

ரிசீவரை வைத்தார். கோபம்தான் முதலில் வந்தது. தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று தோன்றியது. எழுந்து மிஷின் அறைக்குப் போனார். நாகையா மிஷினை நிறுத்தி, மை ஒட்டுகிற ரப்பர் பிளாங்கெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஒம் மக போயிட்டாளாமே."

"ஆமாண்ணாச்சி. நேத்தே போயிட்டா."

"சூலம்னு சொன்னியே?"

"அவ எங்க கேக்கா. செவ்வாக்கெழம ராத்திரி தேதித்தாளக் கொண்டாந்து மூஞ்சிக்கு முன்னால நீட்டுதா. சூலம் வடக்கு, பரிகாரம் பால்னு போட்டிருக்குல்லா, அதக் காட்டுதா. ‘நீங்கதான அடிச்சீக, பாதியப் படிச்சிட்டு மீதிய விட்டுட்டா எப்படி'ங்கா. விடியங்காட்டி ஆளுக்கு ஒரு தம்ளர் பாலக் குடிச்சிட்டு ஆத்தாளும் மகளும் பஸ் ஏறிட்டாக. சண்முகத்தாய் விருதுநகரத் தாண்டுனதே இல்ல. எப்படிப் போனாளோ."

"நான்தான் போன்ல சொல்லிருதேன்னேன்ல. அதுக்குள்ள என்ன அவசரம்?"

நாகையா துணியைக் கீழே வைக்கவில்லை. துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான்.

"அங்கன போய்க் கேட்டிருக்கா பிள்ள. எங்க அண்ணாச்சி போன் பண்ணாகளான்னு. அப்படி ஒண்ணும் வரலன்னாகளாம். சண்முகத்தாய் வந்து சொல்லுதா." துணியை மறுபக்கம் திருப்பினான். "லைன் கெடைச்சிருக்காதுன்னு சொன்னேன்."

தைக்கிற பெண்களின் பக்கம் பேச்சு நின்றுபோயிருந்தது.

"ஆமா" என்றார் சண்முகவேல். "லைன் கெடைக்கல."

"அப்படித்தான் இருக்கும்ணாச்சி."

நாகையா சுவிட்சைப் போட்டான். அதற்கு மேல் பேசினாலும் கேட்காது.

வெள்ளிக்கிழமை பூசை நல்லபடியாக நடந்தது. முதல் ஆல்பத்தை மிஷின்மேன் கையில் முதலாளி கொடுப்பது அந்த அச்சகத்தில் வழக்கம். சண்முகவேல் கொடுத்தார், நாகையா குனிந்து வாங்கினான், லட்சுமிகாந்தம் கைதட்டினார். ஆர்டரும் அந்த வருஷம் குறைவில்லை.

நாகையா வேலையை விட்டுப் போகவில்லை. சம்பளம் கூட்டிக் கேட்கவில்லை. முகத்தைத் தூக்கவும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு "ஒரு உபகாரம்" என்று மேசை முன்னால் வந்து நின்றதே இல்லை. பஞ்சாயத்து ஆபீசுக்கு எழுதுவதென்றாலும், ஆஸ்பத்திரியில் விசாரிப்பதென்றாலும் வேறு யாரிடமாவது போனான். தீபாவளிக்கு முன்னால் பழைய செல்போன் ஒன்று வாங்கினான். மகள் பேசினால் சட்டைப் பையில் அது அடிக்கும். மிஷினை நிறுத்திவிட்டு வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்ப் பேசிவிட்டு வருவான். அந்த நேரம் சண்முகவேலும் எதற்காவது வாசலுக்கு வருவார்.

"என்னவாம் பிள்ள? பரீட்ச எப்படியாம்?"

"படிக்காண்ணாச்சி."

"மார்க்கு எம்புட்டாம்?"

"அதெல்லாம் எங்க சொல்லுதா. படிக்கா."

எத்தனை தடவை கேட்டாலும் அவ்வளவுதான். அரைப்பரீட்சை முடிந்தது. ஹரி உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் வணிகப் பாடம் எடுத்து, சாயங்காலம் கிரிக்கெட் விளையாடி, மார்க்கு ஒன்றும் மோசமில்லாமல் வாங்கிக்கொண்டிருந்தான். அது சண்முகவேலுக்குப் போதவில்லை. தன் மகனுக்குக் கிடைக்காத இடத்தில் இருக்கிறவள் அங்கே எப்படி இருக்கிறாள் என்பது தெரியாமல் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஜனவரியில் ஒரு மத்தியானம், நாகையா பேப்பர் எடுக்கக் குடோனுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, பள்ளிக்கூடத்து எண்ணை அழுத்தினார்.

"இசைவாணி ஊர்லருந்து பேசுறேங்க. வேண்டியவங்கதான். பிள்ள எப்படிப் படிக்குதுன்னு கேக்கலாம்னு."

"நல்லாப் படிக்கிறாங்க சார். கணக்குல ரெண்டாவது வந்திருக்காங்க."

"ரெண்டாவதா?"

"ஆமா சார்."

"அப்ப மொதல்ல வந்தது யாரு?"

"தர்மபுரிப் பையன் ஒருத்தர். ஏன் சார், அவரையும் தெரியுமா?"

"இல்ல இல்ல. சும்மாதான் கேட்டேன்."

அந்தக் குரல் விடவில்லை. "பெத்தவங்களே இப்படி விசாரிக்கிறதில்லை சார். ஒவ்வொரு பரீட்சைக்கும் கூப்பிடுங்க, நானே பார்த்துச் சொல்றேன்" என்றது.

கூப்பிடுவதாகச் சொன்னார் சண்முகவேல். ஒவ்வொரு பரீட்சைக்கும் கூப்பிடவும் செய்தார். முதல் தடவை பேசிய அன்றைக்கு மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தவர், ரசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். என்ன இன்றைக்கு இப்படிப் பசி என்று சொர்ணலட்சுமி கேட்டாள். புளி நன்றாக இருக்கிறது என்றார்.