ஈரச் சுவர்

குளியலறையில் நான். மன்னார் அண்ணை, ஊரில் மேசன் வேலை செய்தவர், இப்போது இங்கே நகரத்துக்கு வெளியே லெ பிளாங்-மெனிலில் இருக்கிறார். மச்சான், மனைவியின் தம்பி, செவ்ரானில் இருந்து வந்தவன். மூன்றாவது ஆளுக்கு உள்ளே இடமில்லை, அவன் கதவடியில் நின்றான். கண்ணாடித் தட்டில் சாய்த்து வைத்த போனில் மனைவி, கிளிநொச்சியில் இருந்து.

திங்கட்கிழமை. நான் கோப்பை கழுவும் ரெஸ்ரோறன்ற் திங்களில் பூட்டு. மனைவியை ஊரிலிருந்து இங்கே கூப்பிட விண்ணப்பக் கடதாசி போட்டிருந்தேன். வியாழன் பத்து மணிக்கு வீடு பார்க்க நகரசபையிலிருந்து ஆள் வருவதாகக் கடிதம். லா சப்பலில் நான் இருப்பது பழைய கட்டடம். குளிக்கும் இடத்துச் சுவர் பூஞ்சணம் பிடித்து உரிந்து கிடந்தது. அதைக் கண்டால் வீடு சரியில்லை என்று எழுதுவார்கள். எழுதினால் அவள் வர முடியாது. வீட்டுக்காரரிடம் திருத்தித் தரச் சொல்லிக் கேட்டேன். வேண்டுமென்றால் நீயே செய் என்றார்.

சனிக்கிழமையே சுவரைச் சுரண்டி, மருந்து அடித்து, ஹீற்றர் வைத்துக் காய விட்டிருந்தேன். இன்றைக்கு அதில் வெள்ளை மாபிள் கல், ரைல்ஸ், ஒட்டுவது. அண்ணை ரசமட்டம் வைத்துப் பார்த்தார். தரை ஒரு பக்கம் சரிவு. நிலத்திலிருந்து தொடங்கினால் வரி கோணும் என்றார். ஒரு கல் உயரத்தில் மட்டமாக மரச்சட்டம் அடித்து, அதன் மேல் முதல் வரி. கீழ் வரியைக் கடைசியில் வெட்டி வைப்பது.

பிறகு மாபிள் கற்களை வாளித் தண்ணீரில் போட்டார்.

"காய்ஞ்ச கல்லெண்டா சீமெந்தில இருக்கிற தண்ணியை உறிஞ்சிப்போடும்."

"இது சீமெந்தில்லை அண்ணை, பசை," என்றான் மச்சான்.

"எல்லாம் ஒண்டுதான். கல்லை எடுத்துத் தா."

பல் வைத்த கரண்டியால் சுவரில் பசையை இழுத்தோம். கல்லை வைத்து அழுத்தினோம். இடைவெளிக்குச் சின்னப் பிளாஸ்ரிக் சிலுவைகள்.

"மாதா கோயில்லயும் இவ்வளவு சிலுவை இல்லை அண்ணை," என்றான் மச்சான்.

"உனக்கும் ஒண்டு வைச்சிருக்கிறன். பேசாம நில்."

போனில் மனைவி சிரித்தாள். வடிவாக இருக்கிறது என்றாள்.

செவ்வாய் காலை குளியலறையில் சத்தம். மேல் மூன்று வரியும் கீழே கிடந்தன. மிச்சத்தைத் தொட்டேன். வழுக்கிக்கொண்டு வந்தது. பசை வாளியைப் படம் எடுத்து மச்சானுக்கு அனுப்பினேன். அவன் வாசித்துச் சொன்னான்:

"சுவரும் கல்லும் நல்லாக் காய்ஞ்சிருக்க வேணுமாம், அத்தான்."

அண்ணைக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"ஊரில நனைச்சுத்தான் வைக்கிறது."

"தெரியும் அண்ணை."

"இண்டைக்கு எனக்கு வேலை. வரேலாது."

"நான் செய்யிறன்."

எல்லாக் கல்லையும் கழற்றினேன். ஒவ்வொன்றின் முதுகையும் சுரண்டித் துடைத்து ஹீற்றர் பக்கத்தில் அடுக்கினேன். சுவரையும் சுரண்டினேன். மத்தியான வேலைக்குப் போனேன். வரும்போது உடைந்த கல்லுக்கு வேறு கல் வாங்கினேன். வெள்ளைதான், ஆனால் அதே வெள்ளை இல்லை. மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரை தனியாக ஒட்டினேன். திரும்பவும் வேலைக்குப் போனேன். தோள் தூக்க முடியவில்லை.

புதன் பின்னேரம் விரலால் தட்டிப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. சட்டத்தைக் கழற்றிக் கீழ் வரியை வெட்டி ஒட்டினேன். மேல் வரிகளில் கல்லுக்குக் கல் இருந்த இடுக்குகளுக்கு வெள்ளைச் சாந்து பூசி, ஈரப் பஞ்சால் துடைத்தேன். வியாழன் விடிய எழும்பிக் கீழ் வரிக்கும் பூசினேன்.

நகரசபையிலிருந்து வந்தது ஒரு பெண். அறையை அளந்தார். ஜன்னலைத் திறந்து மூடினார். குழாயைத் திறந்தார். பிறகு சுவரில் உள்ளங்கையை வைத்தார். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். கையை எடுத்து, கடதாசியில் அடையாளம் போட்டார். ஈரம் இல்லை என்றார். முடிவு கடிதத்தில் வருமாம்.

அவர் போனதும் மனைவிக்கு எடுத்தேன்.

"என்ன சொன்னவ?"

"சுவர் சரியாம்."

"அப்ப நான் வரலாமோ?"

"கடிதம் வரவேணும். பிறகு விசா."

"எல்லாமா எத்தினை மாசம்?"

வேலைக்கு நேரமாகிவிட்டது. குனிந்து சப்பாத்தைக் கட்டினேன்.

"ஒன்பது."