இரண்டு கோழிகளும் ஒரு செய்தியும்

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். வரிசை இல்லாமல் சொல்லப் போனால் கோபம் முந்திக்கொள்கிறது.

1. ஜார்ஜ் டவுனில், கடல் கடந்து இங்கே வந்த எங்கள் ஆட்கள் கூடும் மண்டபம் ஒன்றில், வெள்ளைக்கார டாக்டர் ஒருவர், கால் வீங்கி மரத்துப்போகும் பெரிபெரி நோயைப் பற்றிப் பேசினார். எல்லாரும் 'மிசி' என்று கூப்பிடும் ஆஸ்பத்திரித் தாதியான நான் பக்கத்தில் நின்று அதைத் தமிழில் சொன்னேன்.

2. மேடையில் இரண்டு கோழிக் கூண்டுகள் இருந்தன. புழுங்கல் அரிசி தின்ற கோழி கொக்கரித்துக்கொண்டு நின்றது. ஆலையில் தீட்டிய வெள்ளை அரிசி மட்டும் தின்ற கோழி காலை மடக்கிக் கிடந்தது. சபைக்குக் காட்ட அதை நான்தான் தூக்கினேன்.

3. மறுநாளே என்னைச் சுங்கை பாக்காப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்ட ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள்.

4. அந்த வாரத் தமிழ்ப் பத்திரிகையில், புழுங்கல் அரிசி தின்றால் கால் விழும் என்று டாக்டர் எச்சரித்ததாகச் செய்தி வந்தது. தோட்டத்துக்குப் பத்திரிகை வருவதில்லை. நான் பார்க்கவில்லை.

5. அக்காவின் கணவர் பார்த்தார். அவர் துறைமுகத்தில் கணக்கு எழுதும் கிராணி. வீட்டிலிருந்த புழுங்கல் அரிசி மூட்டையை அன்றைக்கே பின்வீட்டுச் சலவைக்காரர் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு, வெள்ளை அரிசி வாங்கி வந்தார்.

6. மூன்று மாதம் கழித்து, இரண்டு மாத விடுப்பில் அக்கா வீட்டுக்கு வந்தேன். அக்காவுக்கு அப்போது வயிற்றில் ஆறு மாதம். அவள் கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினேன். குழி விழுந்தது, விழுந்த குழி அப்படியே இருந்தது.

"புள்ளத்தாச்சிக்குக் கால் வீங்கத்தானே செய்யும்?" என்றாள் அக்கா.

"வீங்கும். மரத்துப் போகுமா?"

அவள் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். "நேத்து பசார்லேர்ந்து வர்றப்போ ஒத்தச் செருப்பு எங்கேயோ கழண்டு போச்சுடி. வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்."

தோட்டத்தில் நான் பார்த்த பெண்கள் மலேரியாவில் படுத்தார்கள், கொக்கிப்புழுவில் வெளுத்தார்கள். ஆனால் புழுங்கல் சோறும் பயறும் தின்ற அவர்களில் ஒருத்திக்கும் இப்படிக் கால் மரத்ததை நான் பார்த்ததில்லை. பட்டணத்துக் கிராணி வீட்டில்தான் வெள்ளைச் சோறு, அப்பளம், ஊறுகாய், டின் பால் ஊற்றிய கோப்பி. பயறும் கீரையும் 'தோட்டத்துச் சாப்பாடு' என்று அடுப்படியைவிட்டே போயிருந்தன.

இது பெரிபெரி, வெள்ளைச் சோற்றை நிறுத்த வேண்டும் என்று மாலையில் அத்தானிடம் சொன்னேன். அவர் அலமாரியைத் திறந்து, மடித்து வைத்திருந்த பத்திரிகையை எடுத்துவந்தார்.

"படி. டாக்டர் சொன்னதுன்னு போட்டிருக்கா இல்லையா?"

"அத்தான், அந்த டாக்டர் பக்கத்துல நின்னு பேசினதே நான்தான். அந்தக் கோழிய இந்தக் கையால தூக்கினேன்."

"உன் பேரு இதுல இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் என்னா லா? நாலு பேரு படிக்கிற பேப்பர், அச்சுல பொய் போடுவானா? நீ கூண்ட மாத்திப் பிடிச்சிருப்ப." தன் வேடிக்கைக்குத் தானே சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

மறுநாள் காலை பத்திரிகை அலுவலகத்துக்குப் போனேன். ஆசிரியர் மரியாதையானவர். நாற்காலி போடச் சொன்னார். அன்று அவர்களுடைய நிருபருக்குக் காய்ச்சலாம். கூட்டத்துக்கு வந்திருந்த ஓர் அரிசிக் கடைக் கணக்கப்பிள்ளை குறிப்பு எழுதிக் கொடுத்தாராம். அதே பக்கத்தின் அடியில் அந்தக் கடையின் வெள்ளை அரிசி விளம்பரம் இருந்ததை விரல் வைத்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தப்புன்னு போட்டா பேப்பர் மேல நம்பிக்கை போயிடுமே, மிசி."

"எங்க அக்காவுக்குக் கால் போயிட்டிருக்குங்க."

"ஒண்ணு செய்வோம். ஒரு கடிதம் எழுதிக் கொடுங்க. அவசியம் போடுறேன்."

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். இரண்டு கோழி, இரண்டு அரிசி, எது நின்றது, எது விழுந்தது: நான்கே வரி. அதற்குமேல் சுருக்க வழியில்லை என்று நினைத்தேன். வழி இருந்தது. இரண்டு வாரம் கழித்துக் கடைசிப் பக்கத்தில், கோழிகளை எடுத்துவிட்டு, 'அரிசி பற்றி ஒரு பெண்மணியின் அபிப்பிராயம்' என்று போட்டார்கள். அரிசிக் கடை ஆள் எழுதியது செய்தி. கையில் தூக்கியவள் எழுதியது அபிப்பிராயம்.

அத்தான் அதையும் சத்தமாகப் படித்தார். "அபிப்பிராயம்தானே" என்று மடித்து, அலமாரியில் பழையதன் மேலேயே வைத்தார்.

அதற்குள் அக்காவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய்க் காட்டிவிட்டேன். தவிட்டுச் சாறு கொடுத்தார்கள். சோற்றை மாற்றாமல் சாறு மட்டும் போதாது என்றார்கள். வீட்டில் அத்தான் வாங்காத அரிசியை உலையில் போட முடியாது. நான் திட்டம் போட்டுக்கொண்டிருந்தபோதே அக்கா தானாக ஒன்று செய்தாள். அத்தான் வேலைக்குப் போனதும் பின்வாசல் வழியாகச் சலவைக்காரர் வீட்டுக்குப் போய், தன் வீட்டிலிருந்து போன மூட்டையில் மிச்சமிருந்த அரிசியின் சோற்றையே பயற்றங்குழம்போடு தின்றாள். "எங்க ஊட்டுச் சோறு நல்லாருக்காக்கா?" என்று அந்த வீட்டுப் பெண் கேலி செய்வாளாம். மூட்டை தீர்ந்ததும் அடுத்ததை நான் வாங்கி அங்கே இறக்கினேன்.

இப்போதைய நிலை இது. அக்காவின் இடது கால் வீக்கம் வடிந்துவிட்டது. வலது காலில் இரண்டு விரல்கள் இன்னும் மரத்தே இருக்கின்றன. குழந்தை பிறக்க ஆறு வாரம் இருக்கிறது. அத்தான் வெள்ளைச் சோறுதான் சாப்பிடுகிறார். தனக்கும் வந்திருக்கும் கெண்டைக்கால் வலிக்கு, காலை இறுக்கும் புதுச் சப்பாத்தைக் குறை சொல்கிறார். பத்திரிகை திருத்தம் எதையும் வெளியிடவில்லை.