இடப்பக்கம் பார்க்கும் கொக்கி

போன கிழமை மருத்துவமனையில் இரத்தம் எடுக்க வந்த பெண் என் கையைப் பிடித்துக் குனிந்தபோது, அவள் கழுத்திலிருந்து ஒரு வெள்ளிப் பதக்கம் வெளியே வந்து என் மூக்குக்கு நேரே ஆடியது. ஊசி என்றால் எனக்கு இந்த வயதிலும் பயம். வழக்கமாகக் கண்ணை இறுக மூடிக்கொள்வேன். அன்று மூட மறந்துபோனேன். ஒரு ரூபாய் நாணயக் குற்றி அளவில் வட்டம். நடுவில் ஒரு கொக்கி, அதன் தலையில் குறுக்கே ஒரு சின்னக் கோடு. கொக்கி இடப்பக்கம் பார்த்தது. ஓரத்தில் அரம் வழுக்கிய ஒரு கீறல் இருந்தது. அந்தக் கீறலைப் போட்ட கை இந்தக் கைதான்.

எங்கே வாங்கியது என்று பிரெஞ்சில் கேட்டேன். அம்மாவுடையது, இதே நகரத்தில் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஏதோ பழைய சாமான் விற்பனையில் எடுத்தாராம். "இது என்னவென்று உங்களுக்குத் தெரியுமா?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள். தெரியாது என்றேன். வாய் கூசாமல் பொய் சொன்னேன். ஏன் சொன்னேன் என்பதைத்தான் உங்களுக்குச் சொல்லப் பார்க்கிறேன். கொஞ்சம் சுற்றிவளைப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவள் பஞ்சால் துடைத்த ஸ்பிரிட்டின் மணம், நான் நகைவேலை பழகிய லூசியின் பட்டறையைக் கொண்டுவந்துவிட்டது. அங்கே எப்போதும் ஸ்பிரிட் விளக்கு மணமும், பற்றவைத்த வெள்ளியை அமிலத்தில் போடும்போது எழும் நெருப்புக்குச்சி மணமும் கலந்திருக்கும். இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கம் அது. ஒரு மருத்துவமனைச் சலவைப் பகுதியில் துணிமூட்டை தூக்கி முதுகு பிடித்துப்போய் வீட்டில் இருந்தேன். அஹுன்ட்சிக்கில் எங்கள் தெரு முனையில், இங்கே டெப்பனர் என்கிற சில்லறைக் கடையின் கண்ணாடியில் 'நகைக்கு மெருகு போட ஆள் தேவை' என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. இருந்தபடியே செய்கிற வேலை என்பதால் போனேன், மற்றப்படி எனக்கு எந்தத் தகுதியும் இல்லை.

லூசி என்னைவிட இரண்டு வயது இளையவள். அவளுடைய தகப்பன் வடக்கே குதிரைப் பண்ணை வைத்திருந்து விற்றவர். அந்தப் பண்ணையை அவள் துண்டு துண்டாக வெள்ளியில் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தாள். லாடம், சேணம், முள்ளுக்கம்பி எல்லாம் தோடாகவும் காப்பாகவும் பெல்ட் கொளுவியாகவும் வரும். ஒரு வருடம் மெருகு போட்டேன். பிறகு வெள்ளி அறுக்கிற, மயிர் போன்ற அலகு வைத்த வாளைக் கையில் தந்தாள். முதல் கிழமையில் ஒரு கட்டு அலகையும் முறித்தேன். பற்றவைக்கப் பழகியபோது நல்ல ஒரு காப்பை உருக்கி உருண்டையாக்கினேன். அவள் திட்டவில்லை. உருண்டையை எடுத்து, "முட்டை இட்டிருக்கிறாய்" என்று ஜன்னலில் வைத்தாள்.

ஒருநாள், உங்கள் வீட்டில் மிருகங்கள் இருந்தனவா என்று கேட்டாள். மன்னார்ப் பக்கத்தில் எங்களுக்கு மாட்டுப் பட்டி இருந்தது, இப்போதும் அண்ணன் பார்க்கிறார் என்றேன். அவ்வளவுதான். அன்றிலிருந்து வருகிற வாடிக்கையாளருக்கெல்லாம் "இவர் உண்மையான கவ்பாய்" என்று அறிமுகம். எங்களுடைய பட்டியிலிருந்தும் நகை செய் என்று பிடித்துக்கொண்டாள்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லவேண்டும். எனக்கு மாடு என்றால் நடுக்கம். ஆறு வயதில் ஒரு பசு உதைத்ததோடு அப்பா, "இவன் படிக்கட்டும்" என்று விடுதிப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டார். விடுமுறைக்கு வந்துபோகிற விருந்தாளிதான் நான். மாடு, காடு, பட்டி எல்லாம் அண்ணையின் பங்காயிற்று.

ஆகவே அண்ணையிடம் கேட்டுக் கேட்டுத்தான் கவ்பாய் ஆனேன். போரை நிறுத்திச் சமாதானம் என்று சொன்ன அந்த மூன்று நான்கு வருடங்கள் அவர் ஞாயிறு பின்னேரம் சந்தியிலுள்ள தொலைபேசிக் கடைக்கு வருவார். எனக்கு அது காலை, பூசைக்குப் போகமுன். அதுவரை எங்களுக்குள் "சுகமோ", "ஓம் சுகம்" என்பதற்கு மேல் கதை இருந்ததில்லை. இப்போது கயிற்று முடிச்சு எப்படி, மரமணியின் நாக்கு எப்படி என்று தொலைபேசி அட்டையில் காசு முடியும்வரை கேட்டேன்.

"டேய் தம்பி, நீ கவ்பாயோ? மாட்டுக்கண்டு உரசினாலே வேலியில ஏறுற ஆள்!" என்று சிரிப்பார். சிரித்து முடித்து, முடிச்சைப் பொறுமையாகச் சொல்லித் தருவார். அந்த ஞாயிறுகளில்தான் எனக்கு ஒரு அண்ணன் இருப்பது தெரியவந்தது என்று சொன்னால் நம்புவீர்களோ தெரியாது.

நகைகளில் நன்றாகப் போனது எங்கள் பட்டியின் குறி. மாட்டின் பின்தொடையில் கம்பியைக் காய்ச்சிச் சுடுகிற அடையாளம். அதற்கு மட்டும் நான் அண்ணையைக் கேட்கவில்லை. எனக்கே தெரியும் என்ற எண்ணம். அந்தக் கம்பி எங்கள் கொட்டில் சுவரில் முகம் வெளியே தெரியத் தொங்கும். இடப்பக்கம் பார்க்கும் கொக்கி, தலையில் குறுக்குக் கோடு. உருக்குத் துண்டில் அச்சு வெட்டி வெள்ளித் தட்டில் வைத்து அடிக்கவேண்டும். அச்சு அடித்தால் உரு திரும்பி விழும் என்று லூசி சொல்லித் தந்திருந்தாள். ஆகவே மிகக் கெட்டிக்காரத்தனமாகக் கொக்கியை வலப்பக்கம் பார்க்க வெட்டினேன். வெள்ளியில் அது இடப்பக்கம் பார்த்துக்கொண்டு அழகாக விழுந்தது. நூறு பதக்கமாவது அடித்திருப்பேன்.

ஒவ்வொரு வருடமும் கோடை முடிகிற நேரத்தில் வெளியூரில் ஒரு பெரிய குதிரைத் திருவிழா நடக்கும். எங்களுக்கு அதுதான் விற்பனைக் காலம். அங்கே லூசி எனக்குக் கவ்பாய்த் தொப்பி மாட்டிவிட்டு எடுத்த படத்தையும் ஒரு பதக்கத்தையும் அண்ணைக்குத் தபாலில் அனுப்பினேன். அடுத்தடுத்த மாதம் ஒரு ஞாயிறு அவர் வழக்கம்போலச் சிரிக்கவில்லை. மெதுவாகச் சொன்னார்.

"தம்பி, உது கம்பியிண்ட முகமடா. மாட்டிண்ட முகமில்லை."

எனக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. கம்பியும் ஒரு அச்சுத்தானே. அதில் இடம் பார்க்கிற கொக்கி தோலில் வலம் பார்த்துத்தான் விழும். குறி சுடும் நாட்களில் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். ஊர் முழுக்க நடமாடிய எங்கள் மாடுகளில் ஒன்றின் தொடையைக்கூட நான் ஒழுங்காகப் பார்த்ததில்லை. கம்பியில் உள்ளதை அப்படியே வெட்டியிருந்தால் சரியாக வந்திருக்கும். படித்ததால் வந்த பிழை.

எனக்கு வெட்கமாகப் போயிற்று. அவர்தான் சமாளித்தார். "விடு, வெள்ளைக்காரருக்கு என்ன தெரியும். எனக்குச் சரியா ஒண்டு செய். சங்கிலி வேண்டாம், கழுத்தில கட்டுறது மாட்டுக்கு. மோதிரம் செய். அனுப்பாதை, நீ கொண்டு வா. மடுத் திருவிழாவுக்கு வா." பிறகு ஒரு கடிதத்தில் விரல் அளவுக்கு நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டு அனுப்பியிருந்தார்.

மடு மாதா கோவில் திருவிழா ஓகஸ்ட் நடுவில். குதிரைத் திருவிழாவுக்கான வேலை உச்சத்தில் இருக்கும் நேரம். முதல் வருடம் லூசி தனியே கஷ்டப்படுவாள் என்றேன். இரண்டாம் வருடம் கொக்கிப் பதக்கத்துக்கு வாங்குகிறவர்களிடம் அவ்வளவு கேள்வி இருந்தது. "பேந்து வாறன் அண்ணை, வாற வருசம் கட்டாயம்." இரண்டு தரமும் தொப்பியைப் போட்டுக்கொண்டு கூடாரத்துக்குள் நின்று, கவ்பாய் என்று கைகுலுக்கியவர்களுக்குக் கை கொடுத்தேன். மூன்றாம் வருடம் திரும்பவும் போர் தொடங்கி, ஓகஸ்டில் ஊருக்குப் போகும் பாதையைப் பூட்டிவிட்டார்கள்.

போக முடியாதென்று ஆனபிறகுதான் மோதிரத்தைச் செய்தேன். மனித மனம் அப்படித்தான், என் மனமாவது அப்படி. புது அச்சில் கொக்கியை இடம் பார்க்க வெட்டி, வெள்ளியில் வலம் பார்க்க அடித்தேன்.

கடைசியாக அவர் எடுத்தது ஆரோ ஒருவரின் தொலைபேசியில். நான் பட்டறையில் நின்றேன். அவர்கள் சண்டைக்குத் தப்பிப் பட்டியோடும் பிள்ளைகளோடும் கிழக்கே கிழக்கே இடம்பெயர்ந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

"பட்டியை அவிட்டு விட்டிட்டன் தம்பி. இனிக் கொண்டுபோக ஏலாது. குறி இருக்குத்தானே, பேந்து வந்து தேடிப் பிடிக்கலாம்."

"மோதிரம் செய்து வச்சிருக்கிறன் அண்ணை."

"வலப்பக்கமோ?"

"ஓம், வலப்பக்கம்."

"கொண்டு வா."

போர் முடிந்து பல மாதங்களுக்குப் பிறகு முகாமிலிருந்து அண்ணி கதைத்தா. "எங்கட மாடு ரெண்டு நிக்குதாம் எண்டு ஆரோ சொல்லிச்சினம். பாத்திட்டு வாறன் எண்டு போனவர், வரேல்லைத் தம்பி." அதற்குமேல் இன்றுவரை யாருக்கும் ஒன்றும் தெரியாது. தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லவில்லை.

அதன்பிறகு நான் அந்தப் பதக்க அச்சை எடுக்கவில்லை. லூசி ஏன் என்று கேட்டாள். சொன்னேன். அன்று முழுக்க இருவரும் வேலை செய்யவில்லை. சில வருடங்களில் அவள் பட்டறையை விட்டுவிட்டுத் தங்கையின் ஊருக்குப் போனாள். அந்த இடத்தில் இப்போது உடற்பயிற்சிக்கூடம் இருக்கிறது. ஜன்னலில் இருந்த என் வெள்ளி முட்டை எங்கே போனதோ.

அந்தப் பெண்ணிடம் இது மாட்டுக் குறி என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் யாருடைய மாடு என்பாள். பிறகு, பிழையாக இருக்கிறது என்று சொல்லவேண்டும். பிழை என்று சொன்னவர் யார் என்று கேட்டால், என்னிடம் உள்ள பிரெஞ்சு அவ்வளவு தூரம் போகாது. தமிழும் போகாது என்பது இதை எழுதும்போது தெரிகிறது.

கையில் பஞ்சு ஒட்டியபடியே வீட்டுக்கு வந்து மோதிரமும் நூலும் வைத்திருந்த தகரப் பேணியைத் திறந்தேன். நூல் முடிச்சவிழாமல் இருந்தது. மோதிரத்தைப் போட்டுப் பார்த்தேன். நான்கு விரல்களிலும் கழன்று விழுந்து, பெருவிரலில் மட்டும் நின்றது. அண்ணையின் கை அவ்வளவு தடிப்பு என்பதையே மறந்துவிட்டிருக்கிறேன். நான் போயிருக்கலாம். இரண்டு ஓகஸ்ட் இருந்தது, போகவில்லை. மாடுகள் இல்லை, கம்பி இல்லை. எங்கள் குறி இந்த நகரத்தில் யார் யாருடைய கழுத்துகளிலோ பிழைப்பக்கம் பார்த்துக்கொண்டு திரிகிறது. சரியானது இது ஒன்றுதான். இதைக் கையில் வாங்கிப் பார்த்து, "இப்ப சரியடா தம்பி" என்று சொல்ல ஆளில்லை.